பானட்டில் பூசிய திருநீறு

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, காரின் மூக்குக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார் இராஜமாணிக்கம் அண்ணன். நடுவில் அவருடைய கறுப்பு கார். எதிர்ப்பக்கம், கதவோரத்தில், அவருடைய மருமகன் பிரகாஷ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். இருவருக்கும் நடுவில், யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல், மகள் தேன்மொழி. கடையில் இன்னும் ஒரு மிஷின்கூட ஓட ஆரம்பிக்கவில்லை. எனக்கு அதற்குள் வியர்த்துவிட்டது.

“நீயே பாரும்மா இந்த பானட்ட. கண்ணாடி மாதிரி இருந்த வண்டி. இவரு ஒரே ஒரு தடவ துடைச்சாரு. முடிஞ்சிருச்சு,” என்றார் அண்ணன்.

பார்த்தேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. பானட் முழுக்க வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள், சிலந்தி வலை பின்னியதைப் போல. கறுப்பு நிற வண்டியில் இதை மறைக்கவே முடியாது. எங்கள் தொழிலில் இதற்கு ஸ்வர்ல் என்று பெயர். வாடிக்கையாளர்கள் சிலந்தி வலை என்றே சொல்வார்கள்.

பிரகாஷ் பானட் பக்கமே திரும்பவில்லை.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் மல்லிகா. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், ஜமால் என்ற கூட்டாளியோடு சேர்ந்து கார் க்ரூமிங் கடை நடத்துகிறேன். கழுவுவது, கீறல் எடுப்பது, மெருகேற்றுவது எல்லாம் செய்வோம். “பொம்பள என்ன கார் வேலை?” என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐயா, வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது கேட்காத கேள்வியை இங்கே மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

அன்றைக்கு வருவோம். முதல் நாளே தேன்மொழி போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அவர்களுக்கு ஒதுக்கிய அரசாங்க வீடு இன்னும் கட்டி முடியவில்லை. அதனால் இருவரும் செம்பவாங்கில் அப்பாவோடு இருந்தார்கள். அம்மா இல்லாத வீடு அது. கார் விஷயத்துக்குப் பிறகு பிரகாஷ் கோபித்துக்கொண்டு, புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

“அக்கா, இன்னிக்கு இது ஒரு முடிவுக்கு வரணும். அவரு திரும்பி வரலன்னா நானும் பையைக் கட்டிடுவேன். அப்புறம் அப்பா தனியாதான் இருக்கணும். I can’t be in the middle every day லா.”

பாலிஷ் போட வரும் காரோடு ஒரு குடும்பத்தையும் சேர்த்து இறக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

கோயில் வாசலில் நடந்தது

நடந்தது இதுதான். காருக்குப் பத்து வயது முடிந்தது. இந்த ஊரில் அதற்குமேல் ஓட்ட வேண்டுமானால் சிஓஇ என்ற வாகன உரிமச் சான்றிதழைப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பலர் காரையே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் கொடுக்கவில்லை. புதுப்பித்து, மகளுக்கும் மருமகனுக்கும் என்று சொல்லிவிட்டார்.

சொன்னதோடு நிற்காமல், எங்கோ ஓரிடத்தில் பாலிஷும் போட்டு வாங்கினார். கார் பளபளவென்று வந்தது. பெட்ரோல் ஊற்றப் போன இடத்தில் புது வண்டியா என்று கேட்டார்களாம்.

மறு பிறவி எடுத்த காருக்குப் பூஜை போடாமல் இருக்க முடியுமா? சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றில் போட்டார்கள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் மல்லிகைச் சரம். ஐயர் பானட்டில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டினார். புதுக்காரை இன்ஷூரன்ஸ் இல்லாமல்கூட ஓட்டிவிடுவார்கள், பட்டை இல்லாமல் நம் ஆட்கள் ஓட்ட மாட்டார்கள்.

அந்தப் பட்டையைத் தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். திருநீற்றைத் துடைக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அன்று மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. குங்குமம் நனைந்தால் பானட்டில் சிவப்பாக வழியும், கறை பிடிக்கும் என்று பிரகாஷ் பயந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அதாலேயே காய்ந்த திருநீற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டு, மரியாதையாகத்தான் துடைத்தானாம்.

அப்புறம் மழை வரவே இல்லை. மேகம் விலகி வெயில் அடித்தது. அடித்த வெயிலில் பானட் முழுக்கச் சிலந்தி வலை.

கோயில் வாசலில், சொந்தக்காரர்கள் முன்னால், பூக்காரர் முன்னால், அண்ணன் கத்திவிட்டார். “பத்து வருஷமா ஒரு கீறல் இல்ல. உங்க கையில குடுத்து பத்து நிமிஷம் ஆகல!” வாழையிலைச் சாப்பாட்டுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்களாம். பிரகாஷ் சாப்பிடாமல் எம்ஆர்டி ரயில் ஏறிவிட்டான்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மாமனார் வீடுகளிலும் குடக்கணக்கு அதேதான் என்று நான் ஜமாலிடம் சொன்னேன். அவன் சிரித்தான். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

எந்தப் பேட், எந்த பாலிஷ்

கீறல் எடுப்பது என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாது. ஏதோ மருந்தைத் தடவினால் கீறல் ஆறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆறாது. காரின் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. கீறல் அதில்தான் விழுகிறது. கீறலின் ஆழம் வரை அந்தப் படலத்தைச் சீவி எடுப்பதுதான் எங்கள் வேலை. எடுத்தது எடுத்ததுதான், திரும்பி வராது. அளவு தப்பினால் நிறம் தெரிந்துவிடும். பிறகு பெயிண்ட் கடைக்குத்தான் போக வேண்டும்.

அதனால்தான் பேட் தேர்வு. மிஷினின் முனையில் மாட்டும் வட்டப் பஞ்சுதான் பேட். குத்துவிளக்கைத் துலக்க இரும்பு நாரை எடுப்போமா? அடிப்பிடித்த சட்டிக்குப் பழந்துணி போதுமா? அதே கணக்குதான். மெத்தென்ற ஃபோம், நடுத்தர ஃபோம், மைக்ரோஃபைபர், கம்பளி என்று போகப்போகக் கடுமை கூடும். பாலிஷிலும் அப்படி: மாவு மாதிரி நைஸானது ஒரு பக்கம், ரவை மாதிரி வெட்டுகிற காம்பவுண்ட் இன்னொரு பக்கம்.

எதை எதோடு சேர்ப்பது என்பதை எந்தப் புட்டியின் லேபிளும் சொல்லாது. ஒரு வண்டியின் பெயிண்ட் வெண்ணெய், இன்னொன்று கருங்கல். ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவும் மென்மையானதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜமால் முதன்முதலாக இந்தத் தொழிலுக்கு வந்தபோது இதைக் கேலி செய்வான். அவர்கள் குடும்பம் ஜவுளி வியாபாரம். “கடைக்கு வர்ற ஆளப் பார்த்ததும் எந்தச் சேலைய எடுத்துப் போடணும்னு எங்க வாப்பாவுக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு காரப் பார்த்துச் சொல்ல முடியல,” என்பான். சேலை பிடிக்கவில்லையென்றால் மடித்து வைத்துவிடலாமே, தம்பி.

பானட்டின் ஓரத்தில் டேப் ஒட்டி, ஒரு சதுரம் பிரித்தேன். முதலில் பெயிண்ட்டின் கனத்தைப் பார்க்கும் கருவியை வைத்தேன். நடுவில் பரவாயில்லை. பானட்டின் இரண்டு பக்கமும் ஓடும் மடிப்பில் எண் இறங்கிவிட்டது. மடிப்பிலும் ஓரத்திலும் படலம் எப்போதுமே மெல்லியதுதான், ஆனால் இங்கே எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கருவியை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.

“என்னம்மா, முகம் மாறுது?”

“ஒண்ணுமில்லண்ணே. மடிப்புகிட்ட கொஞ்சம் பார்த்துப் போகணும்.”

“பார்த்துப் போ. நான் டாக்யார்டுல கப்பலுக்கே பெயிண்ட் அடிச்சவன். எங்க பிசகினாலும் எனக்குத் தெரியும்.”

மெத்தென்ற ஃபோம் பேடில் நைஸான பாலிஷை விட்டு, மிஷினை மெதுவாக ஓட்டினேன். துடைத்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.

வட்டக் கீறல்கள் அப்படியே இருந்தன. ஆனால் வேறு ஒன்று காணாமல் போயிருந்தது. டேப்புக்கு வெளியே, வட்டங்களின் மேலேயே, இடமிருந்து வலமாக நேர்கோடாக நுண்ணிய கோடுகள் இருந்தன. டேப்புக்கு உள்ளே அவை இல்லை.

மறுபடி பார்த்தேன். துண்டை இரண்டு கையாலும் பிடித்துத் துடைத்தால் விழுகிற கோடுகள் அவை. அவ்வளவு மேலோட்டமாக விழுந்ததால்தான் இருப்பதிலேயே சாதுவான பேடுக்கே போய்விட்டன. அவைதான் பிரகாஷின் கோடுகள். அடியில் இருந்த வட்டங்கள் வேறு. ஆழமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, பல காலம் விழுந்து விழுந்து உண்டானவை. ஒரு துண்டால் ஒரு நாளில் அதைச் செய்யவே முடியாது.

நடுத்தர பேடுக்கு மாறினேன். வட்டங்கள் மங்கின, போகவில்லை. அடுத்து மைக்ரோஃபைபர் எடுத்திருக்கலாம், ஆனால் அந்த மடிப்பு எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பேடை மாற்றாமல் பாலிஷை மட்டும் மாற்றினேன். அதே நடுத்தர ஃபோம், மேலே வெட்டுகிற காம்பவுண்ட். மிஷினை அழுத்தாமல், அதன் எடையிலேயே போகவிட்டேன். அண்ணன் நாற்காலியை இன்னும் முன்னால் நகர்த்தினார். அவருடைய மூச்சு என் காதில் கேட்டது.

துடைத்தபோது சதுரத்துக்குள் கறுப்பு மட்டும்தான் இருந்தது. ஆழமான, சுத்தமான கறுப்பு. பிரகாஷ் முதல்முறையாகக் கையை அவிழ்த்தான்.

“ஆங்! இதுதான் என் வண்டி. இப்படித்தான் இருந்துச்சு,” என்றார் அண்ணன். உடனே மருமகன் பக்கம் திரும்பினார். “பார்த்தீங்களா? பத்து வருஷமா தெனம் காலையில கார்பார்க்குல துடைச்சு வச்சது இது. இறகுத் துடைப்பத்தால தூசி தட்டி, அப்புறம் துணி போட்டு, வட்டமா, மெதுவா. ஒரு நாள் தவறினதில்ல. அவ அம்மா போன மறு வாரமும் இறங்கிப் போய்த் துடைச்சேன்.”

மிஷினைக் கீழே வைத்தேன்.

கார்பார்க்கில் துடைப்பவர்கள்

நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த அடுக்குமாடிக் கார்பார்க்குக்குப் போனாலும் காலையில் ஒருவராவது நிற்பார். அரைக்கால் சட்டை, பனியன், கையில் இறகுத் துடைப்பம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காரைத் தட்டித் தட்டித் துடைப்பார். குழந்தைக்குப் பவுடர் போடுகிற கவனம்.

அந்தத் தூசியில் மணல் இருக்கிறது. பக்கத்தில் கட்டடம் கட்டினால் சிமெண்டும் இருக்கும். காய்ந்த தூசியைத் துணியால் வட்டமாகத் துடைத்தால், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வட்டம் விழும். கார்பார்க்கின் மங்கல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. வருஷம் போகப்போக வண்டி மங்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு ஒரு நாள் பாலிஷ் போடக் கொடுப்பார்கள். அவசரக் கடைகளில் கீறலை எடுப்பதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள ஒன்றைத் தடவிக் கீறலை நிரப்பிவிடுவார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் தரை சமமாகத் தெரியுமே, அந்த மாதிரி. வண்டி கண்ணாடியாக வெளியே வரும். எண்ணெய் இருக்கும் வரை.

எண்ணெயை எது எடுக்கும்? பாத்திரம் விளக்கியவர்களைக் கேளுங்கள். சாம்பல்.

ஐயர் பூசிய திருநீறு அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது. பிரகாஷ் அதைப் பானட் முழுக்க இழுத்துத் துடைத்தான். நிரப்பியது போய்விட்டது. அடியில் இருந்தது வெளியே வந்துவிட்டது. அவன் ஒன்றையும் கெடுக்கவில்லை. இருந்ததைக் காட்டிக்கொடுத்தான், அவ்வளவுதான்.

இது எனக்குப் புரிந்துவிட்டது. இனி அதை யாரிடம் எப்படிச் சொல்வது?

ஜமாலின் யோசனை

கைகழுவும் தொட்டிப் பக்கம் ஜமால் என்னை இழுத்துக்கொண்டு போனான். அவனும் கண்டுபிடித்துவிட்டான் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

“அக்கா, மத்த இடத்துல எல்லாம் அந்த எண்ணெய் ஃபில்லர் இன்னும் இருக்கு. பானட்ட மட்டும் சரி பண்ணிக் குடுத்து அனுப்பிடுவோம். அவரு ஹேப்பி, நம்ம ஹேப்பி.”

“ரெண்டு மூணு மழை போனா கதவு, கூரை, பின்பக்கம் எல்லாத்துலயும் வரும்டா. அப்ப யாரச் சொல்வாரு?”

“மருமகனத்தான் சொல்வாரு.”

“அப்ப?”

“அது அப்ப பாத்துக்கலாம் லா. இப்ப நீங்க வாயத் திறந்தா அந்தப் பெரியவரு மனசு என்னாகும்? பத்து வருஷம் தெனம் துடைச்சிருக்காரு. நீங்கதான் கெடுத்தீங்கன்னு அவர் மகள் முன்னாடியே சொல்லப் போறீங்களா?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். சொல்லாவிட்டால் பிரகாஷ் ஆயுசு முழுக்கக் கீறல் போட்டவனாகவே அந்த வீட்டில் சாப்பிட வேண்டும். சொன்னால் அண்ணன் தலைகுனிய வேண்டும். தலைகுனிந்த மாமனார் அடுத்த நாளே அன்பாக மாறிவிடுவார் என்று யார் சொன்னது? அவமானப்பட்டவர்கள் இன்னும் கோபமாகிப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பெண் பையைக் கட்டிவிடுவாள்.

எட்டிப் பார்த்தேன். பிரகாஷ் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய ஒரு கோப்பி பாக்கெட்டோடு மாமனார் அருகில் போனான். கடைக்கு வெளியே போய் வாங்கி வந்திருக்கிறான் போலிருக்கிறது. அண்ணன் அவனைப் பார்க்காமல், “அங்க வைங்க. வண்டி மேல சிந்திராதீங்க,” என்றார். கார் நான்கு எட்டு தள்ளி நின்றது. அந்தப் பையன் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்த இடத்துக்கே போனான்.

எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“நான் பின்பக்கத்தத் துடைச்சுக் காட்டப் போறேன்,” என்றேன் ஜமாலிடம்.

“யா அல்லாஹ்,” என்றான் அவன். ஆனால் விளக்கை எடுத்துக்கொண்டு என்கூடவே வந்தான்.

பின்பக்கம்

ஆல்கஹால் கலந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்தேன். எண்ணெய்ப் பசை எதுவானாலும் அது எடுத்துவிடும். நிரப்பியிருப்பார்கள் என்ற சந்தேகம் வந்தால், பேட் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இப்படித் துடைத்துப் பார்ப்பதுதான் முறை, இல்லாவிட்டால் நிரப்பியதைப் பார்த்து ஏமாந்துபோவோம். அதனால் நான் புதிதாக எதையும் செய்யவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காரின் பின்மூடிக்கு வந்தேன். பளபளவென்றிருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. நடுவில் டேப் ஒட்டினேன்.

“பானட்டுலதான பிரச்சனை? பின்னாடி ஏன்?” என்று அண்ணன் எழுந்து வந்தார்.

“முன்னாடி ஒரு கறுப்பு, பின்னாடி ஒரு கறுப்புன்னு இருந்தா நல்லாவா இருக்கும்ணே? பின்னாடி பெயிண்ட் எப்படி இருக்குன்னு தெரியணும்.”

“பின்னாடி ஒண்ணும் ஆகல. அங்க யாரும் கை வைக்கல.”

புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அமுக்க விரல் வரவில்லை. சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ள முடியாத வார்த்தை ஒன்றைச் சொல்லப்போவதைப் போலிருந்தது.

“ஏன்க்கா நின்னுட்டீங்க?” என்றாள் தேன்மொழி.

ஒரு பாதியில் மட்டும் அடித்துத் துடைத்தேன். ஜமால் விளக்கைப் போட்டான்.

டேப்புக்கு இந்தப் பக்கம் கண்ணாடி. அந்தப் பக்கம் வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை. பானட்டில் இருந்த அதே வலை, அதே ஆழம். பக்கத்துக் கடையில் யாரோ காற்றுக் குழாயை அடித்து நிறுத்தினார்கள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் கீறலின் வழியே, வட்டமாக, மெதுவாகப் போனது. பாதி வட்டத்தில் நின்றுவிட்டது.

“இது... எப்படிம்மா?” என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

தொட்டியடியிலிருந்து வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், வாய்க்கு வரவில்லை. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது.

அப்போது பிரகாஷ் பேசினான்.

“மாமா, பின்னாடியும் நான்தான் துடைச்சேன். அன்னிக்கு. குங்குமம் இங்கயும் பறந்திருந்துச்சு. சாரி மாமா.”

தேன்மொழி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அன்று அவன் பக்கத்திலேயே நின்றவள். “நீ ஏன்...” என்று ஆரம்பித்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். அந்தப் பையனுக்கும் எல்லாம் புரிந்திருக்கிறது. விரல் பாதி வட்டத்தில் நின்றதை அவனும் பார்த்திருக்கிறான்.

அண்ணன் அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு நிமிர்ந்திருக்கலாம். ஜமாலும் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் இருவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

“இல்ல,” என்றார். “நீங்க பின்னாடி வரவே இல்ல.”

“வந்தேன் மாமா, நீங்க கவனிக்கல...”

“நான் கவனிக்கலயா?” கண்ணாடியைக் கழற்றினார். “ஐயரு கற்பூரம் காட்டுறாரு. எல்லாரும் கும்புடுறாங்க. நான் கும்புடல தம்பி. வண்டிய எங்க தொடப்போறீங்க, எப்படித் தொடப்போறீங்கன்னு உங்க கையையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு நான் சாமியக்கூடப் பார்க்கல. நீங்க பின்னாடி வரல. இது என் கை.”

தேன்மொழி முகத்தை மூடிக்கொண்டாள். ஜமால் விளக்கை அணைத்தான், யாருடைய முகத்திலும் வெளிச்சம் விழ வேண்டாம் என்று.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “கோயில் வாசல்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னது தப்பு. வீட்டுக்கு வாங்க.”

கதைகளில் வருகிற மருமகனாக இருந்தால் காலில் விழுந்திருப்பான். பிரகாஷ் காரைப் பார்த்தான், தன் கைகளைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

“வர்றேன் மாமா. ஆனா ஒண்ணு. வீட்லயும் நீங்க அப்படித்தான் பார்க்குறீங்க. சோறு போடும்போது, கதவு சாத்தும்போது, தண்ணி ஊத்தும்போது. நீங்க பார்க்கப் பார்க்க எனக்குக் கை நடுங்குது. இனிமே பார்க்காதீங்க.”

அண்ணன் அவனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

“சரி,” என்றார்.

நான் நடுத்தர ஃபோம் பேடில் காம்பவுண்டை விட்டு, பின்மூடியில் மிஷினை ஓட்டினேன்.